'க்ரை மீ அ ரிவர்': முதலில் யார் குரலில் கேட்பது?

அமெரிக்கர்கள் 'டார்ச் சாங்' என்று ஒரு வகைப் பாட்டு வைத்திருக்கிறார்கள். காதலில் அடிபட்டவர், விட்டுப்போனவரை நினைத்துத் தனியாக நின்று பாடும் பாட்டு. அந்த வகையில் ஒரே ஒரு பாட்டுக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், ஆர்தர் ஹாமில்டன் எழுதிய 'க்ரை மீ அ ரிவர்' என்று யோசிக்காமல் சொல்லிவிடுவேன். ஆனால் பெயரை மட்டும் சொல்லி அனுப்பினால் போதாது. யூடியூபில் தேடினால் நூற்றுக்கணக்கான பதிவுகள் வரிசையாக வந்து நிற்கும். போதாததற்கு, ஜஸ்டின் டிம்பர்லேக் 2002இல் இதே தலைப்பில் வெளியிட்ட வேறொரு பாட்டும் நடுவில் வந்து குழப்பும். அதற்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆகவே யார் பாடியதை முதலில் கேட்பது, அப்புறம் எதற்குப் போவது, பாடிப் பழக நினைப்பவர் எதை வைத்துக்கொள்வது என்று ஒரு முடிவோடு இறங்குவது நல்லது.

ஒரு பாட்டுக்கு இவ்வளவு யோசனையா என்று தோன்றலாம். இந்தப் பாட்டுக்கு வேண்டும். பாடுகிறவர் மாறினால் இதன் அர்த்தமே மாறிவிடுகிறது. முதலில் கேட்ட அர்த்தம்தான் நெஞ்சில் தங்கும். அதற்குப் பிறகு வருகிற குரல்களையெல்லாம் அதோடு ஒப்பிட்டுத்தான் கேட்போம்.

பாட்டின் கதை சின்னது. விட்டுவிட்டுப் போனவர் திரும்பி வந்திருக்கிறார். தனிமை தாங்கவில்லை, இரவெல்லாம் அழுகிறேன், துரோகம் செய்ததற்கு வருந்துகிறேன், உன்னைத்தான் நேசிக்கிறேன் என்கிறார். எதிரே இருப்பவர் சொல்லும் பதில்தான் பாட்டு. அப்படியா, சரி, அழு. ஆறாகப் பெருகும்வரை அழு. உனக்காக நான் அப்படித்தானே அழுதேன். அவ்வளவுதான்.

பாடுபவர் இப்போது அழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அழுது தீர்த்தாயிற்று. திரும்பி வா என்ற கெஞ்சல் எங்கேயும் கிடையாது. டார்ச் பாட்டுகள் பலவற்றில் போனவர் கை ஓங்கியிருக்கும், பாடுபவர் உடைந்து கிடப்பார். இங்கே நிலைமை தலைகீழ். மெட்டும் அதற்குத் தகுந்தபடிதான் அமைந்திருக்கிறது. முதல் சொல் நீண்டு நிற்கும், பிறகு அந்த வரி மெல்ல இறங்கும். அடியில் ஒரு மைனர் கார்டு, அதாவது சோகச் சாயல் கொண்ட ஒரு ஸ்வரக்கூட்டு, அப்படியே நிற்க, அதற்குள்ளே ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக மேலே ஏறிக்கொண்டிருக்கும். குரல் இறங்குகிறது, உள்ளே ஏதோ ஒன்று ஏறுகிறது. அடக்கி வைத்த கோபம் இப்படித்தான் இருக்கும். அதனால் ஒவ்வொரு பதிவையும் கேட்கும்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: பாட்டு முடியும்போது பாடியவர் கை ஓங்கியிருக்கிறதா, நழுவிவிட்டதா?

இந்தப் பாட்டு முதலில் எழுதப்பட்டது ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்காக. ஜாக் வெப் இயக்கி, அவரே நடித்து 1955இல் வெளிவந்த 'பீட் கெல்லிஸ் ப்ளூஸ்' படத்தில் எல்லா பாடியிருக்க வேண்டியது. படத்தில் எல்லா பாடினார், ஆனால் இந்தப் பாட்டு இடம்பெறவில்லை. இதன் நடுப்பகுதியில் 'ப்ளீபியன்' என்று ஒரு சொல் வரும். காதல் எல்லாம் சாமானியர்களின் சமாச்சாரம் என்று நீ சொன்னாயே என்று குத்திக்காட்டும் இடம். கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் எந்தப் பாட்டு பதிவாக வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில் அப்போது கோலோச்சிய மிட்ச் மில்லருக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. ஆனாலும் சொல் மாறாமல் நிலைத்துவிட்டது. கடைசியில் பாட்டு போய்ச் சேர்ந்த இடம் பாடகி ஜூலி லண்டன். ஹாமில்டனுக்கு அவர் பள்ளிக்கூடத் தோழி. அது மட்டுமில்லை, ஜாக் வெப்பின் முன்னாள் மனைவியும் அவர்தான். படத்திலிருந்து விடுபட்ட பாட்டு, அந்தப் படத்தை எடுத்தவரோடு வாழ்ந்து பிரிந்த பெண்ணின் குரலில் 1955 முடிவதற்குள் வெளிவந்து, அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை வெளியிடும் பாட்டுப் பட்டியலில் ஒன்பதாம் இடம் வரை போனது.

முதலில் கேட்க வேண்டியது இந்தப் பதிவைத்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

'ஜூலி இஸ் ஹெர் நேம்' என்ற எல்.பி.யின் முதல் பாட்டு இது. லிபர்ட்டி என்ற புதிய நிறுவனம் வெளியிட்டது. பின்னாளில் ஜூலியைத் திருமணம் செய்துகொண்ட பாபி ட்ரூப் தயாரிப்பு. கிட்டார் பார்னி கெஸல், பாஸ் ரே லெதர்வுட். அவ்வளவுதான் ஆட்கள். டிரம்ஸ் இல்லை, பியானோ இல்லை, வயலின் கூட்டம் இல்லை. கெஸல் நாலைந்து கார்டுகளை நிதானமாக எடுத்து வைப்பார், அப்புறம் அந்தக் குரல் வரும். பாடுகிறார் என்றே தோன்றாது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நம் முகத்தைப் பார்த்துப் பேசுவது போல இருக்கும். சொல்லுக்கு முன்னால் மூச்சு வாங்குவது காதில் விழும். தன் குரல் தையல்காரர்கள் விரலில் மாட்டிக்கொள்ளும் விரலுறை கொள்ளும் அளவுதான், அதனால்தான் மைக்கை ஒட்டிப் பாட வேண்டியிருக்கிறது என்று ஜூலியே சொல்லியிருக்கிறார். அந்தக் குறைதான் இங்கே பலம். கத்த முடியாத குரல் என்பதால் அவர் கத்தவில்லை. கத்தாததால் எதிரே இருப்பவருக்குத் தப்பிக்க வழியில்லை. சண்டை போட்டாலாவது பதிலுக்குச் சண்டை போடலாம். இவ்வளவு அமைதியாக 'அழு' என்று சொல்பவரிடம் என்ன பேசுவது?

கடைசியில், உனக்காக ஆறாக அழுதேன் என்ற வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லியபடி குரல் தேய்ந்து மறையும். அந்த இடத்தில்தான் முதல்முறையாக, இவர் உண்மையிலேயே எவ்வளவு அழுதிருப்பார் என்று நமக்கு உறைக்கும். அதுவரை அதைக் காட்டிக்கொள்ளவே மாட்டார்.

இந்தப் பதிவின் ஆற்றலைக் கண்ணால் பார்க்க விரும்பினால் 1956இல் வந்த 'த கேர்ள் கான்ட் ஹெல்ப் இட்' படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. டாம் யூவெல் நடித்த ஏஜென்ட், குடித்துவிட்டு வீட்டில் ஜூலி லண்டனின் இசைத்தட்டைப் போடுவார். பாட்டு தொடங்கியதும் ஜூலி அந்த வீட்டிலேயே தோன்றுவார். ஒரு மூலையில் ஒரு உடையில் இருப்பார், மறைவார். இன்னொரு இடத்தில் வேறு உடையில் நிற்பார். யூவெல் பார்க்கும் பக்கமெல்லாம் அவர் இருப்பார், கிட்டே போனால் இருக்க மாட்டார். நகைச்சுவைப் படம்தான், ஆனால் அந்தச் சில நிமிடங்கள் படத்தின் குணமே வேறாகிவிடுகிறது. தன்னை விட்டுப்போனவனின் வீட்டுக்குள் நிரந்தரமாகக் குடியேறிவிட்ட குரல் என்று இந்தப் பதிவைச் சொல்லலாம் என்றால், அதைப் படமாகவே எடுத்துக்காட்டிய இயக்குநர் ஃப்ராங்க் டாஷ்லின்.

ஜூலி பதிவின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். குரலின் வீச்சு சிறியது. ஏற்ற இறக்கம், பிருகா, பெரிய கமகம் போல எதையாவது எதிர்பார்த்துக் கேட்பவருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். பேருந்திலோ சமையல் வேலைக்கு நடுவிலோ ஓடவிட்டால் பாதிப் பாட்டு காற்றில் போய்விடும். ராத்திரி, ஹெட்போன், வேறு வேலை இல்லாத மூன்று நிமிடம். இந்த மூன்றும் இல்லாமல் இதைத் தொட வேண்டாம்.

அப்படி ஒதுக்க முடியாதவர்கள் டயானா கிராலில் தொடங்கலாம். 2001இல் வந்த 'த லுக் ஆஃப் லவ்' ஆல்பத்தில் இருக்கிறது. க்ளாஸ் ஓகர்மனின் தந்தி வாத்திய அமைப்பு, கிராலின் பியானோ, தாழ்ந்த சுருதியில் அவசரமில்லாத குரல். ஜூலியின் வழியில் வந்தவர்தான், ஆனால் ஒலிப்பதிவு நவீனமானது, காதுக்கு மெத்தென்று இருக்கும். நல்ல ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் ஆசையாகப் போட்டுக் கேட்கும் வகை. எனக்குள்ள ஒரே மனத்தாங்கல், இதில் எல்லாமே அழகாக இருக்கிறது என்பதுதான். கொஞ்சம் கசப்பு வேண்டும் இந்தப் பாட்டுக்கு.

எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் பதிவு ஆறு வருடம் தாமதமாக, 1961இல் வந்தது. வெர்வ் நிறுவனத்தின் 'க்ளாப் ஹேண்ட்ஸ், ஹியர் கம்ஸ் சார்லி' ஆல்பம். லூ லெவியின் பியானோ, ஹெர்ப் எல்லிஸின் கிட்டார் என்று சிறிய குழுதான். தனக்காக எழுதப்பட்ட பாட்டை வேறொருத்தி புகழ்பெறச் செய்த பிறகு எடுத்துப் பாடுகிறார், அதில் துளிக்கூடப் போட்டி மனப்பான்மை தெரியவில்லை. ஸ்வரம் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் கண்ணாடி போலத் துல்லியமாக உட்காரும். மெட்டு உண்மையில் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான பதிவு எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் எல்லாவின் குரலில் வன்மம் என்பதே கிடையாது. அழு என்று சொல்லும்போதும் இரண்டு வார்த்தை கெஞ்சினால் மன்னித்துவிடுவார் போலிருக்கும். அதனால்தான் முதல் இடத்தை இதற்குத் தர மாட்டேன். இரண்டாவதாகக் கேளுங்கள். ஜூலி சொல்லாமல் விட்ட வருத்தத்தை எல்லாவிடம் கேட்கலாம்.

அடுத்தது பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட். இங்கேதான் நண்பர்களோடு வாக்குவாதம் வரும்.

1963இல் கொலம்பியா வெளியிட்ட அவருடைய முதல் ஆல்பத்தின் முதல் பாட்டே இதுதான். பதிவு செய்தபோது வயது 20. இசை அமைப்பு பீட்டர் மேட்ஸ். அந்த ஆல்பத்துக்கு ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. இந்தப் பாட்டை நாடகமாகவே நடத்துகிறார் ஸ்ட்ரைசாண்ட். தொடக்கத்தில் அடக்கமாக, கிட்டத்தட்ட ஏளனமாக ஆரம்பிப்பார். போகப்போகப் பல்லைக் கடிப்பது தெரியும். கடைசிப் பகுதியில் குரல் முழுவதும் திறந்துகொண்டு, அணை உடைந்த மாதிரி வந்து விழும். ஜூலி மறைத்து வைத்ததையெல்லாம் இந்தப் பெண் நடுத்தெருவில் கொட்டிவிடுகிறார். இருபது வயதில் ஒருவர் தன் முதல் இசைத்தட்டின் முதல் சில நிமிடங்களை இவ்வளவு துணிச்சலாகச் செலவு செய்தது இன்றைக்குக் கேட்டாலும் மலைப்பாக இருக்கிறது.

இதுதான் சிறந்த பதிவு என்பவர்களின் வாதம் எனக்குப் புரிகிறது. கோபம் என்றால் கோபமாக இருக்க வேண்டும், மனம் நொந்தவள் ஏன் நாகரிகமாக இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என் பதில் வேறு இடத்திலிருந்து வருகிறது. பாட்டு முடியும்போது ஸ்ட்ரைசாண்ட் இன்னும் காயத்தோடுதான் இருக்கிறார். திரும்பி வந்தவனுக்கு அது தெரிந்துவிடுகிறது. இவளுக்கு இன்னும் நான் முக்கியம் என்று புரிந்துகொண்டு அவன் வெளியே போகலாம். கை நழுவிவிட்டது. ஜூலியிடம் அவனுக்கு அப்படி எந்தச் செய்தியும் கிடைப்பதில்லை. மேடை நடிப்பில் ஈடுபாடு உள்ளவர், உணர்ச்சி பொங்கினால்தான் பாட்டு என்று நினைப்பவர் தாராளமாக ஸ்ட்ரைசாண்டிலிருந்து தொடங்கலாம். ஆனால் இதை முதலில் கேட்டுவிட்டால் ஜூலியின் பதிவு வெறும் முணுமுணுப்பாகத் தெரியும் ஆபத்து உண்டு. மாற்றிக் கேட்டால் இரண்டுமே பிழைக்கும். வரிசையை நான் வற்புறுத்துவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

மைக்கேல் பூப்ளே 2009இல் 'க்ரேஸி லவ்' ஆல்பத்தை இந்தப் பாட்டோடுதான் தொடங்கினார். பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, உளவாளிப் படத்தின் டைட்டில் இசை போன்ற பித்தளை வாத்திய முழக்கம். ஒருமுறை கேட்க விறுவிறுப்பாக இருக்கும். அதற்கு மேல் எனக்கு அதில் எதுவும் கிடைக்கவில்லை.

ஜோ காக்கர் கதை வேறு. ஆண்கள் பாடியதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதுதான். 1970 மார்ச் மாதம் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் நேரடியாகப் பதிவானது, 'மேட் டாக்ஸ் அண்ட் இங்கிலிஷ்மென்' என்ற இரட்டை எல்.பி.யில் வந்தது. லியான் ரஸ்ஸல் தலைமையில் பெரும்படை: பியானோ, ஆர்கன், பித்தளை வாத்தியங்கள், ஒன்றுக்கு மேற்பட்ட டிரம்ஸ், ரீட்டா கூலிட்ஜ் உள்ளிட்ட பின்பாட்டுக்காரர்கள். நள்ளிரவுப் பாட்டு ஒன்றை எடுத்து, தேவாலயக் கூட்டுப்பாட்டின் வேகத்தில் ஓடவிடுகிறார்கள். காக்கரின் கரகரத்த குரல் ஒரு வரி சொன்னால் பின்னால் இருக்கும் கூட்டம் அதைத் தூக்கிப் பிடிக்கும். ஊர் கூடி நின்று ஒருவனிடம் நியாயம் கேட்பது போல இருக்கும். சோகம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும். பிழைத்துவிட்டோம் என்ற கொண்டாட்டம்தான் மிச்சம். இதில் கை ஓங்கியிருப்பது யாருக்கு என்று கேட்கவே வேண்டியதில்லை. ஜூலி அமைதியால் சாதித்ததை காக்கர் ஆரவாரத்தால் சாதிக்கிறார், இரண்டு எதிர்த்திசையிலும் பாட்டு உடையாமல் தாங்குகிறது. அமெரிக்காவில் 11ஆம் இடம் வரை போன பதிவு. மனம் உண்மையிலேயே உடைந்து கிடக்கும் நேரத்தில் கேட்க ஒன்று வேண்டும் என்றால், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதைத்தான் போடச் சொல்வேன். மற்றவை உட்கார வைக்கும், இது எழுப்பி நிறுத்தும்.

இன்னொரு பெண்ணையும் சொல்ல வேண்டும். 2009இல் பிரிட்டன் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பாடி உலகப் புகழ் பெற்ற சூசன் பாயில், அதற்குப் பத்து வருடம் முன்பே, 1999இல், ஸ்காட்லாந்தில் தன் ஊர்ப் பக்கம் ஒரு அறநிதி சிடிக்காக இந்தப் பாட்டைப் பாடியிருந்தார். அப்போது அவரை வெளியுலகம் அறியாது. போட்டிக்குப் பிறகுதான் அந்தப் பழைய பதிவு இணையத்தில் பரவியது. யாரும் கேட்கப் போவதில்லை என்ற நிலையில் பாடிய பாட்டு அது. அலட்டல் இல்லை, யாரையும் அசத்தும் முயற்சி இல்லை, ஜாஸ் பாடகியின் நிதானம் இருக்கிறது. 2009இலேயே வந்த அவருடைய முதல் ஆல்பத்திலும் இந்தப் பாட்டு உண்டு. நான் கேட்கச் சொல்வது பழையதைத்தான்.

சொற்களே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. டெக்ஸ்டர் கார்டன் 1955இலேயே 'டெக்ஸ்டர் ப்ளோஸ் ஹாட் அண்ட் கூல்' ஆல்பத்தில் டெனர் சாக்ஸஃபோனில் இதை வாசித்துவிட்டார். கனத்த, அகலமான நாதம். கிட்டார் கற்பவர்கள் டேவி கிரஹாமைத் தேடுங்கள். 1959இல் கென் ரஸ்ஸல் பிபிசிக்காக எடுத்த கிட்டார் பற்றிய ஆவணப்படத்தில், மிகவும் இளையவராக, தனி கிட்டாரில் இந்தப் பாட்டை வாசிப்பார். முன்பு சொன்ன அந்த உள்ளே ஏறும் ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்ள அது நல்ல பாடம். குரல் இல்லாதபோது அது இன்னும் துலக்கமாகக் கேட்கும்.

பாடிப் பழக நினைப்பவர்கள் என்னிடம் கேட்டால், ஸ்ட்ரைசாண்டை வைத்துத் தொடங்க வேண்டாம் என்பேன். அவருடைய குரல் வளம் இல்லாமல் அந்த உச்சத்துக்குப் போனால் வெறும் கூச்சல்தான் மிஞ்சும். மெட்டை எல்லாவிடம் கற்றுக்கொள்ளுங்கள், அவர் ஒரு ஸ்வரத்தையும் மழுப்ப மாட்டார். மெட்டு நாக்கில் படிந்த பிறகு ஜூலியிடம் போய், எங்கே மூச்சு விடுகிறார், எந்தச் சொல்லைக் கொஞ்சம் தாமதித்துச் சொல்கிறார் என்று மட்டும் கேளுங்கள். துணைக்கு ஒரு கிட்டார் போதும், கரோக்கே டிராக்கில் வரும் டிரம்ஸை அணைத்துவிடுங்கள். நடுப்பகுதி வரும்போது மெட்டும் மாறும், குற்றச்சாட்டும் சூடேறும். குரலை உயர்த்தச் சொல்லி உடம்பே தள்ளும். உயர்த்தாமல் மைக்கை இன்னும் ஒரு விரற்கடை கிட்டே கொண்டுவந்து, 'ப்ளீபியன்' என்ற அந்தச் சொல்லை விழுங்காமல், அசை அசையாகத் தெளிவாகச் சொல்லிப் பாருங்கள்.